முடிவு தெரியாத நாட்களில் கேட்ட இசை

கவலையில் இருப்பவருக்கு நண்பர்கள் முதலில் அனுப்பிவைப்பது உற்சாகப் பாடல்களைத்தான். துள்ளும் தாளம், நம்பிக்கை ஊட்டும் வரிகள், எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதிமொழி. அன்போடுதான் அனுப்புகிறார்கள், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் என் வாழ்வின் மிக நிச்சயமற்ற மாதங்களில் அந்தப் பாடல்கள் ஒவ்வொன்றும் என்னை இன்னும் தனிமைப்படுத்தின. பாடுகிறவர் வேறோர் உலகத்தில் நின்று பாடுவதாகத் தோன்றியது. அந்த நாட்களில் என்னைத் தாங்கிப் பிடித்தது இருண்ட இசை. கனத்து, மெதுவாக நகரும் கிதார்கள், போர்க்கைதிகளின் முகாமில் பிறந்த நால்வர் இசை, சொல்லே இல்லாத முனகல், முழுக்க முழுக்க மெதுவாகவே நடக்கும் ஒரு சிம்பனி. ஏன் அப்படி நிகழ்ந்தது, அதை எப்படிக் கேட்டால் நன்மை, எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குப் புரிந்தவற்றை எழுதுகிறேன். இப்போது அதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

என் பணியிடத்தில் ஆட்குறைப்பு இருக்கும் என்று அறிவித்தார்கள். எப்போது, யாரை என்று சொல்லவில்லை. அதே சமயத்தில் அம்மாவின் உடல்நிலை கெட்டது. ஒரு பரிசோதனை முடிந்தால் இன்னொரு பரிசோதனை; மருத்துவர்கள் எதையும் உறுதியாகச் சொல்லத் தயங்கினார்கள். கெட்ட செய்தியே வந்துவிட்டால்கூட அழுது தீர்த்துவிட்டு அடுத்து ஆக வேண்டியதைப் பார்க்கலாமே என்று நினைத்த நாட்கள் உண்டு. செய்தி எதுவும் வராமல் இருந்ததுதான் ஆளைத் தின்றது. இழப்பின் துக்கத்தில் எதை இழந்தோம் என்பதாவது தெரிந்திருக்கும். முடிவு தெரியாத அச்சத்தில் அதுவும் கிடையாது. எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்று காட்ட முடியாது. காலையில் கண் விழிக்கும்போதே அறை முழுக்க நிறைந்திருக்கும்.

அப்படி ஒரு மாலையில், இளவயதில் கேட்டுப் பிறகு விட்டுப்போன பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். 1970 பிப்ரவரியில் வந்தது. மழை பெய்யும் ஓசை, தொலைவில் ஒரு மணி, பிறகு மூன்றே சுரங்கள். நம் இசையின் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி காதுக்கு நிம்மதி தராது. எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்று ஏங்க வைக்கும். சுபபந்துவராளி ராகத்தின் உருக்கத்தில் அதே பிரதி மத்திமத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மேற்கத்திய ராக் குழு ஒன்று அந்தச் சுரத்தில் வந்து நின்று, அவசரப்படாமல், தீர்வு எதையும் தராமல், அங்கேயே திரும்பத் திரும்ப நின்றது. என் வயிற்றுக்குள் வாரக்கணக்கில் இருந்த ஒன்றை யாரோ வெளியே எடுத்து மேசைமேல் வைத்ததைப் போல் உணர்ந்தேன். அது இப்போது எனக்கு எதிரே இருந்தது. நான் அதைப் பார்க்க முடிந்தது.

அந்தக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் கதையும் அப்போது வேறுவிதமாகப் புரிந்தது. 17 வயதில், பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, வலது கையின் இரண்டு விரல்களின் நுனியை இயந்திரம் துண்டித்துவிட்டது. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவைதான். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்த கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஒருவர் கேட்க வைத்த பிறகு அயோமி மீண்டும் கிதாரை எடுத்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளின் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்தத் தாழ்ந்த ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். பிற்காலத்தில் மெட்டல் என்ற ஒரு முழு இசைவகையே அந்தக் கனத்த ஒலியைத் தன் மொழியாக எடுத்துக்கொண்டது. காயத்துக்கு இடம் கொடுத்து வாசித்ததிலிருந்து பிறந்த ஒலி அது. அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்தக் கனம் பயமுறுத்துவதாக எனக்குப் படவில்லை.

ஆனால் என் நாட்களை உண்மையில் மாற்றியது ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பனி. போலந்துக்காரரான அவர் இதை 1976இல் எழுதினார். அடுத்த ஆண்டு அரங்கேறியது. ‘துயரப் பாடல்களின் சிம்பனி’ என்று பெயர். மூன்று பகுதிகள், மூன்றும் மெதுவானவை, மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1992இல் வெளியான இதன் ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இவ்வளவு துயரமான இசையை இத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிக் கேட்டிருக்கிறார்கள் என்பதே அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் பகுதி கிட்டத்தட்டக் காதுக்கு எட்டாத ஆழத்தில், மிகத் தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியங்களான டபுள் பாஸ்களில் தொடங்குகிறது. அதே மெட்டை அடுத்த குழு எடுத்துக்கொள்கிறது, பிறகு அடுத்தது. தந்தி வாத்தியங்கள் ஒவ்வோர் அடுக்காகச் சேர்ந்து மெல்ல மேலேறுகின்றன. உச்சியில் ஒரு பெண்குரல் பாடுகிறது. தன் மகனின் துன்பத்தைப் பார்த்து நிற்கும் தாயின் புலம்பல். அது முடிந்ததும் இசை வந்த வழியே அடுக்கடுக்காக இறங்கி, தொடங்கிய ஆழத்துக்கே போய்ச் சேர்கிறது. இதைப் பல மாலைகளில் கேட்டேன். ஒரு கட்டத்தில் எனக்குத் தெளிவானது இதுதான்: இந்த இசையில் என் அச்சத்தின் அளவுக்குப் பெரிய ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்குத் தொடக்கம் இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. என் வாழ்க்கை எனக்குத் தர மறுத்த வடிவத்தை இசை தந்தது. ஒரு மணி நேரம் அச்சத்தோடு முழுமையாக உட்கார்ந்திருக்கலாம், அதன் மறுபக்கத்தில் எழுந்து நிற்கலாம் என்று உடம்பு கற்றுக்கொண்டது. உற்சாகப் பாடல் அச்சத்தை மறக்கச் சொல்கிறது. இருண்ட இசை அதன் வழியாக நடக்க வைத்து வெளியே கொண்டுவந்து விடுகிறது. நான் சொல்ல வந்ததின் மையம் இவ்வளவுதான். கீழே எழுதும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

இரண்டாம் பகுதியின் வரிகள் ஒரு சிறைச் சுவரிலிருந்து எடுக்கப்பட்டவை. போலந்தின் ஸகோபனே நகரில் நாஜி ரகசியப் போலீசின் சிறை அறையில், 1944இல் அடைபட்டிருந்த 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதியது. அம்மா, அழாதே என்று தொடங்குகிறது. தனக்கு என்ன ஆகும் என்று தெரியாத ஒரு பெண், வெளியே இருக்கும் தாயைத் தேற்றுகிறாள். மருத்துவமனையில் காத்திருந்த நேரங்களில் இந்தப் பகுதியை ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். என்னால் அம்மாவுக்குச் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்கு அதில் ஒரு விடை இருந்தது. நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கு அன்றைக்கு அவரைத் தேற்றலாம்.

தம்பிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “அண்ணா, வீட்டில் ஏற்கெனவே மனசு சரியில்லை. இதைப் போய்க் கேட்கிறாயே, இன்னும் கவலை கூடாதா?” என்றான். நியாயமான கேள்வி, அக்கறையோடு கேட்டான். ஆராய்ச்சியாளர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 772 பேரிடம், சோகமான இசை உங்களுக்குள் எதை எழுப்புகிறது என்று விசாரித்தார்கள். அதிகம் பேர் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவுகளின் ஏக்கத்தை. அமைதியும் கனிவும்கூட அந்தப் பட்டியலில் முன்னால் இருந்தன. 2015இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் மெட்டல் போன்ற ஆவேச இசையின் ரசிகர்கள் 39 பேரிடம் முதலில் கோபத்தைக் கிளறிவிட்டு, பிறகு ஒரு பாதிப் பேரைத் தங்கள் விருப்ப இசையைக் கேட்கவும் மறு பாதிப் பேரைச் சும்மா உட்காரவும் விட்டார்கள். இசை கேட்டவர்களின் கோபம் பெருகவில்லை. சும்மா உட்கார்ந்தவர்களைப் போலவே தணிந்தது, அதோடு ஊக்கமும் கூடியது. தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “உட்கார், கடைசிவரை கேள்” என்றேன். உட்கார்ந்தான். முடிந்ததும் எதுவும் பேசாமல் அம்மாவின் அறைக்குப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான்.

ஆறுதல் ஒரு பக்கம், பொருள் இன்னொரு பக்கம். துன்பத்தின் நடுவில் ஒருவர் ஏன் இசை செய்ய வேண்டும் என்ற கேள்வி அந்த மாதங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது. இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரெஞ்சுப் படைவீரர். கோர்லிட்ஸ் நகரில் இருந்த போர்க்கைதிகள் முகாமில், வயலின், செல்லோ, கிளாரினெட் வாசிக்கத் தெரிந்த சக கைதிகளோடு தானும் பியானோவில் அமர்ந்து வாசிக்கும்படி, எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு படைப்பை எழுதி முடித்தார். 1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், கைதிகளும் காவலர்களும் முன்னால் இருக்க அது முதன்முதலில் ஒலித்தது. மூன்றாம் பகுதியில் கிளாரினெட் மட்டும் தனியாக வாசிக்கும். ஒரே சுரம் மௌனத்திலிருந்து பிறந்து, நம்ப முடியாத அளவுக்குப் பெருகும். நாளை தெரியாத ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் மூச்சுக்காக எழுதிய சுரம் அது. அதைக் கேட்டுவிட்டு, முடிவு தெரிந்த பிறகுதான் வாழத் தொடங்குவேன் என்று நான் ஒத்திப்போட்டிருந்த வேலைகளைத் தொடங்கினேன்.

அமெரிக்கப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த ஒரு பாடலில் சொற்களே இல்லை. பார்வையற்ற அவர், தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும் கிதார் ஒலியோடு முனகுகிறார், பெருமூச்சு விடுகிறார். ஓர் இரவின் இருளும் தரையின் குளிரும்தான் தலைப்பு. 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கமுலாம் பூசிய இசைத்தட்டில் இதையும் சேர்த்தார்கள். மனிதர்களைப் பற்றி விண்வெளிக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்த ஒலிகளில் இருட்டில் முனகும் ஒரு குரலும் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்கிறார். உலகம் கொடியது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியதைக் கண்டுகொள்ளட்டும் என்கிறார். இரண்டு ஓசையில் ஒன்றை மூடிவைக்க அவர் சொல்லவே இல்லை. அந்த வரிசை எனக்கு முக்கியம்: முதலில் கொடுமையை ஒப்புக்கொள்வது, பிறகு இனியதைத் தேடுவது.

இனி, கேட்கும் முறை.

தொடங்கி முடியும் படைப்பைத் தேர்ந்தெடுங்கள். இசை ஆப்கள் ஒரு பாடல் முடிந்ததும் அதே மனநிலையில் அடுத்ததைத் தாமாகவே போட்டுவிடும். சோகம், இன்னும் சோகம், அதற்குப் பிறகும் சோகம் என்று விடியும்வரை ஓடும். முடிவில்லாத அச்சத்தில் இருப்பவருக்கு முடிவில்லாத இசை மிக மோசமான துணை. தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு முழு ஆல்பமோ ஒரு சிம்பனியோ எடுத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டு, நிறுத்துங்கள். நடுவில் கைபேசியில் செய்தி பார்க்காதீர்கள். முடிந்த பிறகு சில நிமிடம் சும்மா இருந்துவிட்டு, கையால் செய்யும் ஏதாவது சிறு வேலையில் இறங்குங்கள். துணி மடிப்பது, செடிக்கு நீர் விடுவது எதுவானாலும் சரி. இசையிலிருந்து நேராகப் படுக்கைக்குப் போவதை நான் தவிர்க்கிறேன். மாலை நேரமும், நடந்துகொண்டே கேட்பதும் எனக்குப் பொருந்தின.

காத்திருக்கும் காலத்தில் சொல்லில்லாத இசை, அல்லது நமக்குப் புரியாத மொழியில் பாடும் இசை, பாதுகாப்பானது என்பது என் கருத்து. புரியும் வரிகள் நம் அச்சத்துக்கு ஒரு கதையை எழுதிவிடும். கைவிடப்பட்டவரைப் பற்றிய பாட்டு நம்மையும் கைவிடப்பட்டவராகவே நினைக்க வைக்கும். வாத்திய இசை அப்படி எதையும் திணிப்பதில்லை. டார்க் ஆம்பியன்ட் என்ற வகையில் தாளமும் மெட்டும்கூட அதிகம் இருக்காது. ஆழ்ந்த ஒலிகள் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். மனம் மிகவும் களைத்த நாட்களில், எதையும் பின்தொடரத் தெம்பில்லாதபோது, அதை மெல்லிய ஒலியில் வைத்திருப்பேன்.

இசை சிகிச்சையில் 1940களிலிருந்தே ஒரு முறை இருக்கிறது. நோயாளியின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, மெல்ல மெல்ல விரும்பும் நிலையை நோக்கி இசையை மாற்றிக்கொண்டு போவது. வீட்டிலேயே எளிய வடிவில் செய்யலாம். மிக இருண்டதை முதலில் வைத்து, அடுத்து கொஞ்சம் வெளிச்சம் உள்ளதை, கடைசியாக அமைதியான ஒன்றை வைத்து ஒரு சிறு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். மனம் நன்றாக இருக்கும் நாளில் தயாரிப்பது நல்லது. மோசமான நாளில் தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது.

ஒலி அளவில் கவனம் வேண்டும். கனத்த இசை, கூட்டி வைக்கத் தூண்டும். அதன் அதிர்வை உடம்பில் உணர ஆசை வரும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறைந்துவிடும். பல கைபேசிகளில் இந்த அளவைக் காட்டும் வசதி இருக்கிறது, பாருங்கள்.

எல்லோருக்கும் இது உதவாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே எண்ணத்தை விடாமல் அசைபோடும் இயல்புள்ளவர்களுக்குச் சோக இசை மனநிலையை மேலும் தாழ்த்தக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, இசை முடிந்து அரை மணி நேரம் கழித்து உங்களைக் கவனிப்பது. மூச்சு சீராக இருக்கிறதா, யாரிடமாவது பேசத் தோன்றுகிறதா, அடுத்த வேலை கண்ணில் படுகிறதா? அப்படியானால் நல்லது. அதற்கு மாறாக அதே வாக்கியம் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தால், கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றினால், அன்றைக்கு அதை நிறுத்திவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். சில கலைஞர்கள் இளவயதிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டதை அவர்களுடைய இசையின் அழகோடு சேர்த்துப் போற்றும் பேச்சு இந்த இசையின் ரசிகர் வட்டாரத்தில் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அவர்கள் உயிரோடு இருந்து இன்னும் வாசித்திருக்க வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்குள் எட்டிப் பார்த்தால், அன்றே நெருங்கிய ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அதற்கு இசை மருந்தாகாது.

அம்மாவின் நோய்க்குப் பின்னர் பெயர் கிடைத்தது, சிகிச்சை நடக்கிறது. என் வேலை போய்விட்டது, குறைந்த சம்பளத்தில் வேறொன்று கிடைத்திருக்கிறது. இரண்டையும் இசை மாற்றவில்லை. ஆனால் செய்தி வந்த நாளில் நான் நிலைகுலையாமல் இருந்ததற்கு அந்த மாலைகளுக்குப் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் குரெட்ஸ்கியின் சிம்பனியில் இரண்டாம் பகுதியை முதலில் கேட்கலாம். மூன்றில் அதுதான் பத்து நிமிடத்துக்குள் முடியும், மிக எளிதில் மனத்தில் இறங்கும். பிடித்தால் ஒரு விடுமுறை நாளின் மாலையில் முதல் பகுதியிலிருந்து முழுவதையும் கேளுங்கள். தொடக்கத்தில் ஒன்றுமே கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். பாஸ்கள் தாழ்ந்தே தொடங்கும். காது பழகச் சிறிது நேரமாகும், பிறகு ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.